கிராக்கோவ் நகரைக் கைபேசி ஒலி வழிகாட்டியோடு நடந்து பார்ப்பது

ஜெர்மனியில் பணியாற்றும் நீங்கள் அக்டோபர் நடுவில் இரண்டு நாள் விடுப்பில் பெற்றோருடன் போலந்தின் கிராக்கோவ் நகருக்குச் செல்வதாகவும், ஆள் வழிகாட்டியை அமர்த்தாமல் கைபேசியில் ஒலி வழிகாட்டியைக் கேட்டபடியே நடக்க எண்ணியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த ஒலிப்பதிவு மூன்று மணி நேரத்தில் முழு நகரத்தையும் காட்டிவிடுவதாகச் சொல்கிறது. அது போதுமா, எந்த வழியில் நடப்பது, எதைக் கவனிப்பது என்பவை உங்கள் கேள்விகள்.

தாராளமாக நடக்கலாம். ஆனால் மூன்று மணி நேரம் போதாது. பழைய நகரத்துக்கு ஒரு முழு நாளும், தெற்கே உள்ள கஜிமியெஷ், போட்குஜே ஆகிய பகுதிகளுக்கு மற்றொரு நாளும் வேண்டும். துணையில்லாமல் நடந்து பார்ப்பதற்கு ஐரோப்பாவில் இதைவிடப் பொருத்தமான நகரங்கள் குறைவு என்றே நான் கருதுகிறேன். பழைய நகரத்தின் வடக்கு வாயிலிலிருந்து தெற்கே அரண்மனை நிற்கும் வாவெல் குன்று வரை இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவுதான். முன்பு மதில் நின்ற இடத்தில் இப்போது பிளாந்தி என்னும் மரச்சோலை சுமார் நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு நகரைச் சுற்றி ஓடுகிறது. எந்தத் தெருவில் வழி தவறினாலும் சிறிது நேரத்தில் அந்தச் சோலையின் ஓரத்துக்கு வந்துவிடுவீர்கள். வார்சா இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமானது. கிராக்கோவின் கட்டடங்கள் பெரும்பாலும் தப்பின. ஆகவே பதிவில் ஒலிக்கும் குரல் ஒரு கதவையோ கோபுரத்தையோ குறிப்பிடும்போது, அது பெரும்பாலும் பல நூற்றாண்டுகளாக நின்ற இடத்திலேயே உங்கள் முன் நிற்கும். 1978இல் யுனெஸ்கோ முதன்முதலாக அறிவித்த பன்னிரண்டு உலக மரபிடங்களில் இந்நகரமும் ஒன்று.

இவ்வகைப் பதிவுகளில் எனக்கு ஒரு பெரிய குறை தெரிகிறது. பழங்கதையையும் ஆவணத்தில் உள்ள செய்தியையும் அவை ஒரே குரலில், ஒரே உறுதியோடு சொல்லிச் செல்கின்றன. ஆள் வழிகாட்டியாக இருந்தால் கதையைச் சொல்லும்போது முகம் மாறும். பதிவுக்கு முகம் இல்லை. எனவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் குரல் சொல்வதைக் கேட்டுவிட்டு, இயர்போனைக் கழற்றி, எதிரே நிற்கும் கல்லும் செங்கல்லும் அதை ஒப்புக்கொள்கின்றனவா என்று பாருங்கள். கிராக்கோவில் அந்தச் சோதனைக்கு இடம் தரும் சான்றுகள் ஏராளம். அத்துடன் இந்த நகரத்துக்கென்று சொந்தமான ஒலி நேரங்கள் சில உள்ளன. உங்கள் நடையின் வேகத்தை அவற்றைக் கொண்டு அமைத்துக்கொள்ளுங்கள். பதிவின் வேகத்துக்கு ஓட வேண்டாம்.

புறப்படுவதற்கு முந்தைய இரவே ஒலிக்கோப்புகளையும் வரைபடத்தையும் கைபேசியில் பதிவிறக்கம் செய்துவிடுங்கள். நாள் முழுவதும் இடங்காட்டியும் ஒலியும் சேர்ந்து ஓடினால் மின்கலம் மாலை வரை தாங்காது. கூடுதல் மின்கலம் ஒன்று அவசியம். பெற்றோருக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் மூவரும் தனித்தனியே இயர்போன் மாட்டிக்கொண்டு நடப்பதில் பயனில்லை. முந்தைய இரவே நீங்கள் முழுவதையும் ஒருமுறை கேட்டுவிட்டு, அந்தந்த இடத்தில் நின்று அவர்களுக்குத் தமிழில் நீங்களே சொல்லுங்கள். என் பெற்றோரை அழைத்துச் சென்றபோது நான் அப்படித்தான் செய்தேன். அம்மா கேட்ட கேள்விகளால் நான் கவனித்தவை, பதிவால் கவனித்தவற்றைவிட அதிகம். வழியில் கேட்கும்போதும் ஒரு காதில் மட்டும் இயர்போன் இருக்கட்டும். தண்டவாளத்தில் ஓடும் டிராம்கள் தெருக்களில் குறுக்கிடுகின்றன. அவை ஓசையில்லாமல் நெருங்கிவிடும். தெருக்கள் பெரும்பாலும் கல் பாவியவை. மழை பெய்தால் வழுக்கும் என்பதால் அடி பிடிக்கும் காலணி வேண்டும். அக்டோபர் நடுவில் மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பணம் யூரோ அன்று, ஸ்வாட்டி.

பெயர்களின் உச்சரிப்பைச் சற்றுப் பழகிக்கொண்டால் குரல் சொல்வதும் தெருப்பலகையில் இருப்பதும் ஒன்றுதான் என்பது விளங்கும். போலிஷ் மொழியில் டபிள்யூ எழுத்து 'வ' என ஒலிக்கும். குறுக்கே கோடு இழுத்த எல் எழுத்து, உதட்டைக் குவித்துச் சொல்லும் வகர ஒலியைத் தரும். மேலே சாய்கோடு உள்ள ஓ எழுத்து 'உ' ஆகும். நாம் கிராக்கோவ் என்று எழுதும் ஊரை அங்குள்ளவர்கள் ஏறத்தாழ 'க்ராகுஃப்' என்பார்கள். 'உலித்சா' என்றால் தெரு.

முதல் நாள் காலை ஒன்பதரை மணிக்கு மாத்தேய்க்கோ சதுக்கத்தில், புனித ஃபுளோரியன் தேவாலயத்தின் வாயிலில் தொடங்குங்கள். பல பதிவுகள் சந்தைச் சதுக்கத்திலிருந்தே தொடங்குகின்றன. அது தவறான தொடக்கம். போலந்தின் மன்னர்கள் முடிசூட வந்ததும், இறந்த மன்னர்களின் உடல்கள் இறுதி ஊர்வலமாகச் சென்றதும் இந்தத் தேவாலயத்திலிருந்து தெற்கே வாவெல் வரை செல்லும் அரச வழியில்தான். நீங்களும் அதே திசையில் நடந்தால், மதில், சந்தை, பல்கலைக்கழகம், ஆயர்களின் தெரு, அரண்மனை என்று நகரம் தன் அடுக்கை ஒவ்வொன்றாகத் திறக்கும்.

அந்தச் சதுக்கத்திலேயே முதல் சோதனையைச் செய்துபாருங்கள். 1410ஆம் ஆண்டு கிருன்வால்ட் போரில் ஜெர்மானியத் துறவுப் படையான டியூட்டானிய வீரர்களை வென்றதன் ஐந்நூறாம் ஆண்டு நினைவாக 1910இல் எழுப்பப்பட்ட சின்னம் என்று குரல் சொல்லும். உண்மை. ஆனால் நீங்கள் காணும் சின்னம் 1910இல் எழுந்தது அன்று. அதை 1939இல் நாஜிகள் தகர்த்தனர். 1976இல் திரும்பக் கட்டினார்கள். நகரின் நடுவே நிற்கும் கவிஞர் ஆடம் மித்ஸ்கியேவிச் சிலையின் கதையும் இதுவே: 1898இல் திறக்கப்பட்டு, 1940இல் இடிக்கப்பட்டு, 1955இல் மீண்டும் நிறுத்தப்பட்டது. போரில் தப்பிய நகரம் என்று சொல்லும்போது, கட்டடங்கள் தப்பின, நினைவுகள் குறிவைத்து அழிக்கப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து வருவது பார்பகான் என்னும் வட்ட வடிவ முன்கோட்டை. 1497இல் தெற்கே நடந்த போரில் மன்னர் யான் ஓல்பிராக்ட் தோற்றுத் திரும்பிய பின், துருக்கியர் படையெடுப்பார்கள் என்ற அச்சத்தில் 1498, 1499 ஆண்டுகளில் அவசரமாகக் கட்டப்பட்டது. சுவரின் கனம் சுமார் மூன்று மீட்டர். சுடுவதற்கான துளைகள் 130. அதன் உள்ளே நின்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வாயிலைக் கடந்துவிட்டதாக எண்ணி நுழையும் எதிரி எப்படி நாலாபுறமும் சூழப்படுவான் என்பதை எந்தக் குரலும் விளக்க வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுதடைந்த மதில்களை இடித்துச் சோலை அமைத்தபோது, இந்த முன்கோட்டையையும் அதன் பின்னுள்ள ஃபுளோரியன் வாயிலையும் காப்பாற்றியவர் பேராசிரியர் ஃபெலிக்ஸ் ராட்வான்ஸ்கி. அவர் வாதாடியிராவிட்டால் அரச வழிக்கு இன்று வாயிலே இருந்திராது.

வாயிலுக்கு அருகில், மதிலை ஒட்டிய தெருவில் சார்டோரிஸ்கி அருங்காட்சியகம் உள்ளது. லியோனார்டோ டாவின்சி வரைந்த கீரிப்பிள்ளை போன்ற எர்மின் விலங்கை ஏந்திய பெண்ணின் ஓவியம் அங்கேதான் இருக்கிறது. நடையின் நடுவே அதைச் சேர்க்காதீர்கள். முதல் நாள் மாலையிலோ மறுநாள் காலையிலோ தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஃபுளோரியான்ஸ்கா தெருவைப் பற்றிப் பதிவு நீண்ட நேரம் பேசும். கடைகள் நிறைந்த தெரு அது, விரைவாகக் கடந்துவிடலாம். வழியில் தள்ளுவண்டியில் ஒப்வஜானெக் விற்பார்கள். மாவைக் கயிறு போல முறுக்கி, வளையமாக்கி, முதலில் வெந்நீரில் இட்டு எடுத்துப் பிறகு சுடும் ரொட்டி இது. மேலே எள்ளோ கசகசாவோ உப்போ தூவியிருக்கும். 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்றது. இறைச்சி உண்ணாத பெற்றோருக்கு நடையில் இதைவிட நல்ல சிற்றுணவு கிடைக்காது.

பதினொரு மணிக்குச் சில நிமிடங்கள் முன்னதாக முதன்மைச் சந்தைச் சதுக்கத்தில் இருங்கள். பக்கத்துக்கு ஏறத்தாழ 200 மீட்டர் கொண்ட இந்தச் சதுக்கம், 1241இல் மங்கோலியப் படை நகரை அழித்தபின், 1257இல் கோமகன் போலஸ்வாவ் வழங்கிய சாசனத்தின்படி கயிறு பிடித்தாற்போல் அளந்து வகுக்கப்பட்டது. ஏறத்தாழ எல்லாத் தெருக்களும் செங்கோணத்தில் பிரிகின்றன. அப்படியிருக்க, மூலையில் நிற்கும் மரியாள் பேராலயம் மட்டும் சதுக்கத்துக்குச் சாய்வாக நிற்கிறது. சதுக்கத்தின் தெற்கே உள்ள சிறிய புனித வோய்ச்சியெக் தேவாலயமும் அந்த ஒழுங்கில் அடங்குவதில்லை. அதன் பழைய சுவரின் அடி இன்றைய தரைமட்டத்துக்குக் கீழே இறங்கியிருப்பதையும் காணலாம். கோயில்கள் முதலில் இருந்தன, சதுக்கம் பிறகு வந்தது என்பதை அந்தச் சாய்வும் அந்தப் பள்ளமும் காட்டுகின்றன. நான் கேட்ட பதிவுகள் இதைச் சொல்லாமலே கடந்தன. எனக்கோ இந்நகரில் மிகப் பிடித்த இரண்டு சான்றுகள் இவை.

பதினொரு மணி அடித்ததும் இயர்போனைக் கழற்றிவிடுங்கள். பேராலயத்தின் உயரமான கோபுரத்தில், 82 மீட்டர் உயரக் கட்டடத்தின் மேல் சாளரம் ஒன்று திறக்கும். ஹேய்னாவ் என்னும் எக்காள இசை ஒலிக்கும். இரவும் பகலும் ஒவ்வொரு மணிக்கும், நான்கு திசைகளை நோக்கியும் நான்கு முறை வாசிக்கப்படுகிறது. வாசிப்பவர்கள் நகரத் தீயணைப்புத் துறையைச் சேர்ந்தவர்கள். தீயையும் எதிரியையும் கண்டு எச்சரித்த கோபுரக் காவலரின் பணி அவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நண்பகல் இசையைப் போலந்து வானொலி 1927 முதல் நாடு முழுவதும் ஒலிபரப்பி வருகிறது. நான்கு முறையும் இசை நடுவில் திடீரென அறுந்து நிற்கும். ஏன் என்று உங்கள் பதிவு சொல்லும்: 1241இல் மங்கோலியர் வருவதைக் கண்டு எக்காளம் ஊதிய காவலனின் தொண்டையில் அம்பு பாய்ந்தது, அவன் நிறுத்திய இடத்திலேயே இன்றும் நிறுத்துகிறார்கள்.

கேட்க உருக்கமான கதை. ஆனால் நீங்கள் நிமிர்ந்து பார்க்கும் அந்தச் செங்கல் கோபுரம் 1241இல் கிடையாது. அப்போது நின்ற பழைய தேவாலயம் அந்தப் படையெடுப்பில் அழிந்தது. இப்போதுள்ள கோதிக் பேராலயம் பதினான்காம் நூற்றாண்டில் உருவானது. நகர ஆவணங்களில் எக்காளக் காவலர் பற்றிய குறிப்பு 1392இல்தான் வருகிறது. இசையின் பெயரே விடியல் என்னும் பொருளுடைய ஹங்கேரியச் சொல்லிலிருந்து வந்தது. அம்பு பட்ட காவலனின் கதை பரவலானது இருபதாம் நூற்றாண்டில். இதையெல்லாம் தெரிந்துகொள்வதால் அந்த இசையின் அழகு எனக்குச் சிறிதும் குறையவில்லை. நகரம் தன் அழிவை நினைவில் வைத்திருக்க ஒரு வழியைத் தேடிக் கண்டுகொண்டது என்றே தோன்றுகிறது. பெற்றோரிடம் கதையையும் சொல்லுங்கள், கோபுரத்தின் வயதையும் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் வாசிப்பவர் சாளரத்திலிருந்து கையசைப்பார், நீங்களும் கையசையுங்கள்.

பிறகு நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு, 11.50க்கு முன்பாகப் பேராலயத்தின் உள்ளே அமர்ந்துவிடுங்கள். வழக்கமாக அந்த நேரத்தில்தான் பெரிய பலிபீடத்தின் கதவுகளைத் திறப்பார்கள். வழிபாட்டு நாள்களில் நேரம் மாறலாம் என்பதால் முந்தைய நாள் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நூரன்பெர்க்கிலிருந்து வந்த சிற்பி வைட் ஸ்டோஸ், போலந்தினர் வீட் ஸ்த்வோஷ் என்று தம்மவராகவே அழைக்கும் அவர், 1477 முதல் 1489 வரை பன்னிரண்டு ஆண்டுகள் செதுக்கிய படைப்பு இது. உயரம் சுமார் 13 மீட்டர், அகலம் 11 மீட்டர். நடுவில் மரியாள் உயிர் பிரியும் நேரத்தில் சரிகிறாள். அப்போஸ்தலர்கள் அவளைத் தாங்குகிறார்கள். லிண்டன் மரத்தில் செதுக்கிய அந்த உருவங்கள் ஆளைவிடப் பெரியவை. முதிய அப்போஸ்தலர்களின் கைகளைப் பாருங்கள்: புடைத்த நரம்பு, வீங்கிய மூட்டு, சுருங்கிய தோல். தன் தெருவில் கண்ட மனிதர்களையே அந்தச் சிற்பி மரத்தில் எழுதியிருக்கிறார் என்பது தெரியும். போரின்போது நாஜிகள் இதைப் பிரித்து நூரன்பெர்க்குக் கொண்டுபோனார்கள். போர் முடிந்தபின் அங்கே கோட்டை நிலவறையில் கண்டெடுக்கப்பட்டு 1946இல் போலந்துக்குத் திரும்பியது. இந்தப் பேராலயத்தில் மீண்டும் இடம்பெற்றது 1957இல்தான். இங்கே ஒலி வழிகாட்டியை இயக்கவே வேண்டாம். வெளியில் வைத்துக் கேட்டுவிட்டு உள்ளே மௌனமாக அமர்வதே சரி. அது வழிபாட்டு இடம் என்பதும் ஒரு காரணம்.

சதுக்கத்தின் நடுவில் நீண்டு கிடக்கும் சுக்கியென்னித்சே என்னும் துணி மண்டபத்தை ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறிப் பாருங்கள்; 1555இல் தீக்கிரையானபின் மறுமலர்ச்சிப் பாணியில் திரும்ப எழுப்பப்பட்டது. அதன் வளைவில் தொங்கும் இரும்புக் கத்தியைக் காட்டி, பேராலயத்தின் இரு கோபுரங்களைக் கட்டிய சகோதரர்களில் ஒருவன் மற்றவனைக் கொன்ற கத்தி என்று குரல் சொல்லும். நகரச் சட்டத்தின் தண்டனையைத் திருடர்களுக்கு நினைவூட்டத் தொங்கவிட்டது என்பது அறிஞர் விளக்கம். தனியே நிற்கும் நகர மன்றக் கோபுரம், 1820இல் மன்றத்தை இடித்தபோது மிஞ்சியது. சதுக்கத்தின் அடியில் 2010இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் இடைக்காலக் கல்பாதைகளையும் கடைகளின் அடித்தளங்களையும் காட்டுகிறது. மழை வந்தால் அங்கே ஒதுங்கலாம்.

பகல் ஒரு மணிக்கு, சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் உள்ள கோலேகியம் மாயுஸ் கட்டடத்தின் முற்றத்தில் இருக்க வேண்டும். 1364இல் பெருமைமிகு கஜிமியெஷ் மன்னர் நிறுவிய பல்கலைக்கழகத்தின் பழமையான கட்டடம் இது. காலை ஒன்பது மணி முதல் இரண்டு மணிக்கொருமுறை, மாலை ஐந்து வரை, முற்றத்துக் கடிகாரம் இசைக்க மர உருவங்கள் வரிசையாக நடந்து செல்லும். 1491இல் இங்கே மாணவராகச் சேர்ந்தவர் நிக்கோலஸ் கோப்பர்னிக்கஸ். இங்கிருந்து பிளாந்தி ஓரமாகச் சற்று நடந்தால் கோலேகியம் நோவும் வரும். 1939 நவம்பர் 6 அன்று, சொற்பொழிவு என்று சொல்லிப் பேராசிரியர்களை நாஜிகள் அங்கே அழைத்து, 183 பேரைக் கைது செய்து, அவர்களில் பெரும்பாலோரைச் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். பல பதிவுகள் கோப்பர்னிக்கஸோடு பல்கலைக்கழகத்தை முடித்துவிடுகின்றன. உங்கள் பதிவும் அப்படியானால், இந்தச் செய்தியை நீங்களே பெற்றோருக்குச் சொல்லுங்கள்.

மதிய உணவுக்குப் பின் குரோட்ஸ்கா தெருவில் தெற்கே இறங்குங்கள். சதுக்கத்திலிருந்து மற்றத் தெருக்கள் நேராகப் பிரிய, இது மட்டும் கோணலாகப் புறப்படுவதைக் கவனித்திருப்பீர்கள். 1257க்கு முன்பே வாவெலுக்குச் சென்ற பழைய பாதை இது. அளந்தவர்கள் அதை மாற்றத் துணியவில்லை. பன்னிரண்டு அப்போஸ்தலர் சிலைகள் வரிசையாக நிற்கும் பேதுரு பவுல் தேவாலயத்தின் முன் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதன் பக்கத்தில், பெரும்பாலும் யாரும் நிமிர்ந்து பாராத, இரட்டைக் கோபுரமுடைய வெண்சுண்ணக்கல் கட்டடம் புனித அந்திரேயா தேவாலயம். பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டது. சாளரங்கள் வெறும் கீற்றுகள். தாழ்வாகப் பார்த்தால் அம்பு எய்வதற்கான பிளவுகளே தெரியும். 1241இல் மங்கோலியப் படை வந்தபோது மக்கள் அடைக்கலம் புகுந்து தப்பிய கோயில் இது. காலையில் எக்காளக் கோபுரத்தின் கீழ் நின்று நாம் தேடிய ஆண்டின் உண்மையான சாட்சி இங்கேதான் நிற்கிறது. அந்தச் சுவரில் கை வைத்துச் சற்று நில்லுங்கள். என் மதிப்பில் முதல் நாளின் உச்சம் இதுவே. பதிவில் இதற்கு முப்பது நொடி ஒதுக்கியிருந்தாலும் நீங்கள் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

கனோனிச்சா தெரு வழியாக வாவெலுக்கு ஏறலாம். பின்னாளில் இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தை ஆன கரோல் வோய்த்தியுவா, குருவாகவும் ஆயராகவும் இருந்தபோது இத்தெருவில் வாழ்ந்தார். மேலே பேராலயமும் அரண்மனையும் ஒரே குன்றில் அமைந்துள்ளன. போலந்து மன்னர்கள் முடிசூடியதும் அடங்கியிருப்பதும் அந்தப் பேராலயத்தில்தான். 1520இல் வார்த்த ஜிக்முந்த் மணி ஏறத்தாழ 13 டன் எடை கொண்டது. பெருவிழாக்களிலும் நாட்டின் முக்கிய நாள்களிலும் மட்டும் பன்னிருவர் சேர்ந்து இழுத்து அடிக்கிறார்கள். அரண்மனை அறைகளுக்கான சீட்டில் நேரம் குறிக்கப்பட்டிருக்கும், முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பார்க்காமல் விட்டாலும், வளைவுகள் அடுக்கிய முற்றத்தில் கட்டாயம் நின்று பாருங்கள்.

அந்த முற்றத்தின் ஒரு மூலையில் சிலர் சுவரோடு முதுகைச் சாய்த்துக் கண்மூடி நிற்பதைக் கண்டால் வியக்க வேண்டாம். சிவபெருமான் உலகின் ஏழு இடங்களில் எறிந்த ஏழு கற்களில் ஒன்று இதன் அடியில் இருக்கிறது, அதிலிருந்து சக்தி பெருகுகிறது என்றொரு நம்பிக்கை இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இங்கே பரவியது. நம் தலபுராணங்கள் எதிலும் இப்படியொரு கதையை நான் படித்ததில்லை. அரண்மனை நிர்வாகமும் இதை ஏற்பதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் போலந்தில் பிரம்மஞான சபை செழித்திருந்ததும், அதன் தலைவி வாண்டா டைனோவ்ஸ்கா 1930களில் இந்தியா வந்து சென்னை அடையாற்றில் தங்கியதும், 1944இல் போலந்துப் பொறியாளர் மொரிஸ் ஃபிரைட்மனோடு சேர்ந்து போலந்து-இந்திய நூலகம் என்னும் பதிப்பு வரிசையைத் தொடங்கி இந்திய நூல்களைப் போலிஷ் மொழிக்குக் கொண்டுசென்றதும் வரலாறு. சுவரில் சாயும் மக்களைவிட அந்த மொழிபெயர்ப்புப் பணியே எனக்கு நினைவுக்கு வரும்.

குன்றின் அடிவாரத்தில், விஸ்துலா ஆற்றங்கரையில், சில நிமிடங்களுக்கு ஒருமுறை தீ உமிழும் டிராகன் சிலை இருக்கிறது. கந்தகம் அடைத்த ஆட்டை விழுங்கிய டிராகன் தாகம் தாளாமல் ஆற்று நீரைக் குடித்துக் குடித்து வெடித்தது என்பது கதை. பேராலய வாயிலில் சங்கிலியில் தொங்கும் பெரிய எலும்புகளை அதன் எலும்புகள் என்றே முன்னோர் நம்பினார்கள். உண்மையில் அவை திமிங்கிலம் முதலிய பெரு விலங்குகளின் எலும்புகள். ஆற்றங்கரையில் அமர்ந்து கால்களுக்கு ஓய்வு கொடுத்து, முதல் நாளை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாளை முதல் நாளோடு கலக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். மூன்று மணிப் பதிவுகள் டிராகனிலிருந்து நேராக யூதர் குடியிருப்புக்குத் தாவும். விளையாட்டுக் கதையைக் கேட்ட காதோடு அங்கே போவது முறையன்று. காலையில் வாவெல் பக்கமிருந்து டீட்லா தெருவுக்கு வாருங்கள். நடுவில் மரங்கள் நிற்கும், அசாதாரணமான அகலமுடைய தெரு. அகலத்துக்குக் காரணம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தூர்க்கப்படும் வரை விஸ்துலாவின் ஒரு கிளை இங்கே ஓடியதுதான். 1335இல் நிறுவப்பட்ட கஜிமியெஷ் அக்காலத்தில் ஆற்றுக்கு அப்பால் இருந்த தனி நகரம். 1495இல் கிராக்கோவின் யூதர்கள் அங்கே குடிபெயர்க்கப்பட்டார்கள். தெருவைக் கடக்கும்போது ஆற்றைக் கடப்பதாக எண்ணிக்கொண்டால் அந்த ஆணையின் பொருள் புரியும்.

ஷெரோக்கா தெருவின் ஒரு முனையில் பழைய ஜெப ஆலயம், இப்போது அருங்காட்சியகம். மறுமுனையில் இன்றும் வழிபாடு நடக்கும் ரெமு ஜெப ஆலயமும் அதை ஒட்டிய கல்லறைத் தோட்டமும். யூதச் சட்ட அறிஞர் மோசே இசர்லெஸ் 1572இல் மறைந்து இங்கே அடங்கியிருக்கிறார். உலகின் பல மூலைகளிலிருந்தும் யூதர்கள் வந்து அவர் கல்லறையில் வேண்டுதல் சீட்டுகளை வைக்கிறார்கள். ஆண்கள் தலையை மூடிக்கொண்டு செல்ல வேண்டும். சனிக்கிழமை பார்வையாளருக்குத் திறப்பதில்லை, ஆகவே உங்கள் நாளை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டத்தின் தெருப்பக்கச் சுவரை உடைந்த கல்லறைக் கற்களின் துண்டுகளால் எழுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் பாதிப் பெயர், பாதிச் சொல். போருக்கு முன் இந்நகரில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள், அதாவது ஏறத்தாழ நால்வரில் ஒருவர், வாழ்ந்தார்கள்.

மதியம் பிளாட்ஸ் நோவி சந்தையின் வட்டக் கட்டடத்தில் சப்பியெகாங்கா சாப்பிடலாம். நீள ரொட்டியைப் பிளந்து காளானும் பாலாடைக்கட்டியும் இட்டுச் சுடுவது. பிறகு பெர்னாத்தெக் நடைபாலத்தின் வழியே ஆற்றைக் கடந்து போட்குஜேவுக்குச் செல்லுங்கள். 1941 மார்ச்சில், முன்பு சுமார் 3,000 பேர் வாழ்ந்த இந்தப் பகுதியில் 15,000 யூதர்களை நாஜிகள் அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவரின் மேல்விளிம்பை யூதக் கல்லறைக் கற்களின் வடிவில் வளைத்துக் கட்டினார்கள். லுவோவ்ஸ்கா தெருவில் அதன் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. 1943 மார்ச் 13, 14 ஆகிய நாள்களில் கெட்டோ எனப்படும் அந்த அடைப்பகத்தை ஒழித்தார்கள்: உழைக்கத் தகுந்தவர்களைப் பிளாஷூவ் முகாமுக்கு விரட்டினார்கள், மற்றவர்களைத் தெருவிலேயே கொன்றார்கள் அல்லது ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள்.

தம்மிடம் வேலை செய்த யூதர்களைக் காப்பாற்றிய ஓஸ்கர் ஷிண்ட்லரின் லிப்போவா தெருத் தொழிற்சாலை 2010 முதல் நகரின் போர்க்கால வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகமாக இருக்கிறது. சீட்டுகள் பல நாள் முன்பே தீர்ந்துவிடும். இன்றே முன்பதிவு செய்யுங்கள். சீட்டு கிடைக்காவிட்டாலும் அடைப்பக வீரர்கள் சதுக்கத்துக்கு அவசியம் செல்லுங்கள். அதன் மூலையில் உள்ள மருந்துக்கடையை நடத்தியவர் ததேயுஷ் பான்கியேவிச். யூதரல்லாத அவர் அடைப்பகத்துக்குள்ளேயே தங்க அனுமதி பெற்று, மருந்தும் உணவும் செய்தியும் மறைவிடமும் தந்தார். இப்போது அது சிறிய அருங்காட்சியகம். சதுக்கத்தில் 2005இல் வைக்கப்பட்ட உலோக நாற்காலிகள், ஆளற்ற நாற்காலிகள், இடைவெளி விட்டு வரிசையாக நிற்கின்றன. மக்களை ஏற்றிச் சென்றபின் இங்கே குவிந்து கிடந்த வீட்டுப் பொருள்களின் நினைவு அவை. இங்கே வருவதற்கு முன்பே பதிவைக் கேட்டு முடித்து, கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். சதுக்கத்தின் ஓரத்தில் டிராம் நிறுத்தம் இருக்கிறது. சிறிய நாற்காலிகள் சில அந்த நிறுத்தத்திலேயே இருப்பதால் ஊர்க்காரர்கள் அவற்றில் அமர்ந்து டிராமுக்குக் காத்திருப்பார்கள். உங்கள் பெற்றோரும் அமரலாம், பழைய நகரத்துக்குத் திரும்பும் வண்டி அங்கேயே வரும்.